வாத்தியார் வாயடைத்தது, பாடம் நிற்கவில்லை



நம்ம தோட்டங்களில் திருவிழா என்றால் ஒரு காலத்தில் விடிய விடிய நாடகம் உண்டு. வள்ளி திருமணமோ பவளக்கொடியோ சத்தியவான் சாவித்திரியோ, காலையில் பால் வெட்டியவர்தான் இரவில் ராஜபார்ட். கோயில் திடலில் பாயை விரித்து, பிள்ளை குட்டிகளோடு உட்கார்ந்து பார்த்தோம். அந்த நாடகங்களை மேடைக்கு எழுதித் தந்தவர் யார் என்று அன்று நாம் கேட்டதில்லை. அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். இந்த வாரம் அவர் கதையைப் பேசுவோம்.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். தகப்பனார் தாமோதரன் இராமாயணத்தில் கரை கண்டவர். மகனுக்குத் தமிழ் முதலில் அவரிடமிருந்துதான் வந்தது. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் இலக்கியமும் படித்தார். இவ்வளவு படித்தவர் வயிற்றுப் பாட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். இருபத்து நாலு வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்குப் போனார்.

முதலில் வேஷம் கட்டியவர்தான். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் எல்லாம் அவருக்குப் பொருந்திய வேஷங்கள். சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, எதிரே வந்த ஒரு பெண் அவரைப் பார்த்த பயத்திலேயே உயிரை விட்டாள் என்று ஒரு கதை சொல்வார்கள். அப்படிப்பட்ட சம்பவங்களால் மனம் நொந்து வேஷம் கட்டுவதை விட்டாராம். அதன்பின் அவர் வாத்தியார்.

இடையில் துறவியைப் போல் ஊர் ஊராகத் திரிந்தார். சுவாமிகள் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் பிள்ளையாகவே ஏற்று வைத்துக்கொண்டார். ஊரறிந்த வாத்தியாரான பிறகும் அந்தப் பெரியவரிடம் மாணவனாக உட்கார்ந்து தாள நுணுக்கம் கற்றார் சுவாமிகள். அவர் பாட்டு தாளத்தில் அப்படிக் கச்சிதமாக உட்காருகிறதே, அந்தப் பாடம்தான் காரணம்.

அந்தக் காலத்துப் பெரிய நடிகர்கள் சிலரிடம் ஒரு கெட்ட பழக்கம். எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கித் தர்க்கம் பண்ணுவார்கள். கதை ஒரு பக்கம் நிற்கும், சண்டை ஒரு பக்கம் நடக்கும். கட்டுப்பாடு கிடையாது. வளர்ந்த மரத்தை வளைக்க முடியாது என்று கண்ட சுவாமிகள் கன்றுகளைத் தேடிப் போனார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை பிறந்தது. முழுக்க முழுக்கச் சிறுவர்கள்! டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயசு.

அங்கே சாப்பாடு, படுக்கை, படிப்பு எல்லாம் கம்பெனி வீட்டில்தான். வாத்தியார் சொல்லச் சொல்லப் பையன்கள் திருப்பிச் சொல்வார்கள். வரி தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. அவர் எழுதிய வேகமோ சொல்லி முடியாது. சிறுவர்களுக்கென்று அபிமன்யு சுந்தரி நாடகத்தை, பாட்டும் வசனமுமாக, ஒரே இரவில் எழுதி முடித்தார். சண்முகம் அபிமன்யுவாக மேடை ஏறினார். சுவாமிகள் நாற்பது நாடகங்கள் வரை எழுதியிருக்கிறார். சில பிற்பாடு கைக்குக் கிடைக்காமலே போயின.

சங்கத்துக்காரர்கள் நாம், இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாய்ஸ் கம்பெனி என்பது குழந்தைகளின் உழைப்பில் ஓடிய தொழில். அப்பன் ஆத்தாளை விட்டு வந்த பிள்ளைகள் இரவெல்லாம் கண் விழித்தார்கள். குருகுலம் என்ற பேரால் அடியும் விழுந்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பையன் பிழைப்பு ஆட்டம் கண்டுவிடும். கலையைப் போற்றுவோம்; அந்தக் கஷ்டத்தை நியாயம் என்று சொல்ல மாட்டோம்.

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியது, பேச்சும் நின்றது. பாடம் சொல்லியே வாழ்ந்த மனுஷனுக்கு வாயே போனால் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர் சொல்லிக் கொடுத்த வரிகள் பையன்கள் வாயில் இருந்தன. அவர் ஊமையாகப் படுத்திருந்த நாளிலும் மேடையில் அவர் பாட்டு கேட்டது. 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் கண்மூடினார். அங்கே கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தக் கம்பெனி கண்டார்கள். மதுரைப் பக்கத்துக் கோயில் விழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். நமக்குத் தெரிந்த நாடக வாத்தியார் ஒருவர் லயத்தில் படுக்கையாய்க் கிடந்தபோது, சேமநிதிப் பாரம் எழுதக் கொடுக்கப் போயிருந்தோம். நாலு பையன்களை அனுப்பும்படியும், தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதாகவும் கேட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வந்துவிட்டோம். அடுத்த மாதம் அவர் இல்லை. சேமநிதிப் பணத்தை வாங்கிக் கொடுத்தோம். அவர் பாட்டை வாங்கிக்கொள்ள மறந்தோம். அந்தக் குற்றம் நம்முடையது.

தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்குக் குடிபோன பெரியவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். உறுமி அடித்தவர், கும்மி எடுத்தவர், ஹார்மோனியம் வாசித்தவர் யாராவது உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்த வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், போதும். அடுத்த மாதம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.