வெண்ணுடை வீரர் அந்தனி வைல்டிங்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், 1883ஆம் ஆண்டு, வழக்கறிஞர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் அந்தனி வைல்டிங். இல்லத்து ஆடுகளத்தில் தந்தையிடம் டென்னிஸ் பழகிய அவர், கேம்பிரிட்ஜில் பயின்ற நாள்களிலும் மட்டையைக் கைவிடவில்லை. தாமும் வழக்கறிஞரானார், ஆனால், மனம் என்னவோ ஆடுகளத்தில்தான் இருந்தது.

1910 முதல் 1913 வரை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் தொடர்ந்து அவருடையதே. ஆட்டத்தைக் கூலிக்காக அன்றி விருப்புக்காக ஆடியோர் காலம் அது. அவர் பெற்ற அன்புக்கு வெற்றிகள் மட்டுமே காரணமென்று கொள்ளலாகாது. கட்டான உடல், மதுவும் புகையும் நாடாத ஒழுக்கம், ஐரோப்பியப் போட்டிகளுக்கு மோட்டார் சைக்கிளிலேயே ஊர் கடந்து செல்லும் துணிவு எனக் காண்போரைக் கவரும் பல அவரிடம் இருந்தன.

1914இல் பட்டத்தை ஆஸ்திரேலியரான நார்மன் புரூக்ஸிடம் இழந்தார். பகைமை ஏதுமில்லை, அம்மாத இறுதியிலேயே இருவரும் ஓரணியாய்ப் பிட்ஸ்பர்க் சென்று, டேவிஸ் கோப்பைப் போட்டியில் ஜெர்மானியரான ஃபிராய்ட்ஸ்ஹைம், குரோய்ட்சர் இருவரையும் வென்றனர். சில நாள்களில் பிரிட்டனும் ஜெர்மனியும் போரில் இறங்கின. வலைக்கு மறுபுறம் நின்று ஆடிய அவ்விருவரும் தாயகம் திரும்பும் கடல்வழியிலேயே பிரிட்டிஷாரின் கைதிகளாயினர். வைல்டிங்கோ ஆகஸ்டில் நியூயார்க்கில் கோப்பையை வென்ற அணியில் ஆடிவிட்டு, அக்டோபரில் கடற்படை வீரராய்ச் சேர்ந்தார்.

1915 மே 9 அன்று, பிரான்சின் நேவ் ஷாப்பெல் அருகே, பதுங்குகுழியின் மேல் விழுந்த குண்டு அவர் உயிரைப் பறித்தது. வயது 31. கேப்டனாகி ஒரு வாரமே ஆகியிருந்தது.

விம்பிள்டன் மீண்டும் கூடியது 1919இல். பட்டத்தைக் காக்கப் புரூக்ஸ் வந்திருந்தார்.