ஒரு மணி நேரத்தில் காருக்கு வர்ணம்!

சாப்பிடப் போகும்போது கார் ஒரு நிறம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அது வேறு நிறம்!

அமெரிக்காவில் 1920-ம் ஆண்டுகளில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது.

பெயிண்டுத் தொழிலில் பழுத்த அனுபவம் உள்ள ஒருவர், ஒரு விஞ்ஞானியைப் பார்க்க வந்தார். மோட்டார் காருக்கு ஒரு சில மணி நேரத்தில் வர்ணம் பூசி முடிப்பது நடக்காத காரியம் என்று அவர் அடித்துச் சொன்னார். விஞ்ஞானி வாதாடவில்லை. நிறங்கள் அடங்கிய அட்டை ஒன்றைக் காட்டி, எந்த நிறம் பிடிக்கும் என்று மட்டும் கேட்டார். வந்தவர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். பிறகு இருவரும் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்த விருந்தாளி, தம் காரைத் தேடினார். நிறுத்திய இடத்தில் வேறு ஒரு கார் நின்றது. தம்முடைய காரின் நிறம் இது அல்லவே என்று திகைத்தார். விஞ்ஞானி சிரித்தார். நின்றது அவருடைய கார்தான். அவர் தொட்டுக் காட்டிய அதே நிறத்தில், ஈரம் காய்ந்து பளபளத்துக் கொண்டிருந்தது!

அந்த விஞ்ஞானியின் பெயர் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங்.

முடியாது என்று யாராவது சொன்னால், அதைச் செய்து காட்டத் துடித்தவர் அவர். அந்தப் பிடிவாதம் உலகத்துக்கு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது.

கண் நோயுடன் படிப்பு

கெட்டரிங், 1876-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி, அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் உள்ள லவுடன்வில் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். பெற்றோர் விவசாயிகள்.

சிறு வயதிலேயே அவருக்குக் கண் பார்வை சரியில்லை. புத்தகத்தைச் சிறிது நேரம் படித்தாலும் தலைவலி வந்துவிடும். ஆனாலும் படிப்பை விடவில்லை. கிராமப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு ஒகையோ மாநில சர்வகலாசாலையில் சேர்ந்தார். கண் நோய் முற்றியதால் நடுவில் நிறுத்த வேண்டி வந்தது. அப்போது அவர் சும்மா இருக்கவில்லை. டெலிபோன் கம்பம் நடும் கூட்டத்தோடு சேர்ந்து உழைத்தார். மின்சாரத்தைக் கையாளும் வித்தை அங்கே கைவந்தது.

மீண்டும் சர்வகலாசாலைக்குத் திரும்பி, 1904-ம் ஆண்டு பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 27.

பணப்பெட்டி சொன்ன பாடம்

டேட்டன் நகரில், கடைகளுக்குப் பணப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தப் பெட்டியைக் கையால் சுற்றித்தான் இயக்க வேண்டும். அதை மின்சார மோட்டாரால் இயக்க வழி கண்டார் கெட்டரிங். சின்ன மோட்டார்தான். நாள் முழுவதும் அது ஓட வேண்டியதில்லை. ஒரு கணம் பலமாகச் சுற்றினால் போதும், பிறகு ஓய்வு. அந்த உண்மை அவர் மனதில் பதிந்தது.

அந்தக் காலத்தில் மோட்டார் காரை, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்தால் கை முறியும். உயிர் போனதும் உண்டு. மின்சாரத்தால் காரைக் கிளப்ப முடியாதா என்று பலர் யோசித்தார்கள். அதற்கு மிகப் பெரிய மோட்டார் வேண்டும், காரில் அது அடங்காது என்று நிபுணர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

கெட்டரிங்குக்குப் பணப்பெட்டி நினைவுக்கு வந்தது. காரைக் கிளப்பவும் ஒரு சில விநாடி வேகம் போதுமே! நண்பர் எட்வர்டு டீட்ஸ் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் இரவு பகலாக உழைத்தார். 1911-ல் செல்ப் ஸ்டார்ட்டர் வெற்றி பெற்றது. 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்கள் அதோடு வெளிவந்தன.

நண்பர்கள் இருவரும் தொடங்கிய டெல்கோ கம்பெனி, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கைக்குப் போனது. 1920-ல் அதன் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவரானார் கெட்டரிங். 1947 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

வாரக்கணக்கில் காய்ந்த கார்கள்

கார் செய்யும் தொழிற்சாலையில் அப்போது ஒரு விசித்திரம் இருந்தது. எஞ்சினைச் சில மணி நேரத்தில் பூட்டிவிடுவார்கள். வர்ணம் பூசத்தான் வாரக்கணக்கில் ஆகும்!

குதிரை வண்டிக்குப் பூசும் அதே எண்ணெய் வர்ணத்தையும் வார்னிஷையும்தான் காருக்கும் பூசினார்கள். எண்ணெய், காற்றில் உள்ள பிராணவாயுவோடு மெல்ல மெல்லச் சேர்ந்துதான் இறுகும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன் மேல் அடுத்த பூச்சு. அதுவும் காய வேண்டும். இப்படிப் பல பூச்சு.

தினம் 1,000 கார் செய்யும் தொழிற்சாலையில், ஒவ்வொரு காரும் 20 நாள் காய வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். எந்த நேரமும் 20,000 கார்கள் கூரைக்கு அடியில் காய்ந்துகொண்டு நிற்கும்! அத்தனை இடத்துக்கு எங்கே போவது? இவ்வளவு பாடுபட்டும் அந்த வர்ணம் வெயிலில் வெளுத்தது, உரிந்தது.

ஹென்றி போர்டு இதற்கு ஒரு வழி செய்தார். சூளையில் சுட்டால் சீக்கிரம் காயும் கறுப்பு எனாமலைப் பூசினார். 1914 முதல் 1925 வரை அவருடைய டி மாடல் கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. வண்ணக் கார் வேண்டுமானால் பணமும் பொறுமையும் நிறைய வேண்டும்.

கெட்டரிங், பெயிண்டு நிபுணர்களைக் கூட்டினார். வர்ணம் பூசும் நேரத்தைக் குறைக்க வழி கேட்டார். சில நாட்களைக் குறைக்கலாம் என்றார்கள் அவர்கள். தமக்கு வேண்டியது ஒரு மணி நேரம் என்றார் அவர். இவருக்குப் பெயிண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நிபுணர்கள் நினைத்தார்கள்.

கடை ஜன்னலில் ஒரு தட்டு

ஒரு நாள் நியூயார்க் கடை ஒன்றின் கண்ணாடி ஜன்னலில் சிறிய தட்டு ஒன்றைப் பார்த்தாராம் கெட்டரிங். அதன் மேல் பூச்சு புதுவிதமாக மின்னியது. தட்டை வாங்கினார். அந்தப் பூச்சைத் தயாரித்தவரைத் தேடிக்கொண்டு நியூஜெர்சிக்குப் போனார்.

அது லாக்கர் என்னும் மெருகுப் பூச்சு. காருக்குப் பூச ஆகுமா என்று கேட்டார். ஆகவே ஆகாது, பூசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும் என்றார் தயாரித்தவர். கெட்டரிங்குக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் தேடியதே அதைத்தானே!

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. லாக்கரைப் பீச்சும் அளவுக்கு நீர்க்கச் செய்தால், அதில் சரக்கு குறைந்துவிடும். பூச்சு மெலிந்து போகும். கெட்டியாக வைத்தால் பீச்ச முடியாது.

அந்த முடிச்சு தற்செயலாக அவிழ்ந்தது. டூபாண்ட், வெடிமருந்து செய்து வளர்ந்த கம்பெனி. பீரங்கிக் குண்டுக்குப் பயன்படும் நைட்ரோ செல்லுலோஸ் என்ற பொருள்தான் லாக்கருக்கும் மூலப் பொருள். 1920-ம் ஆண்டு ஜூலை மாதம், டூபாண்ட் தொழிற்சாலையில் ஒரு பீப்பாய்க் கரைசல் வெயிலில் கிடந்துவிட்டது. திறந்து பார்த்தால், கூழ் போல இருக்க வேண்டியது பாகு போல இளகி இருந்தது! சரக்கு குறையவில்லை, இளக்கம் மட்டும் கூடியிருந்தது.

கெட்டரிங்கின் ஆட்களும் டூபாண்ட் ஆட்களும் சேர்ந்து சுமார் மூன்று வருஷம் பாடுபட்டார்கள். பூச்சு உலோகத்தில் ஒட்ட வேண்டும். வெயிலைத் தாங்க வேண்டும். நிறம் மங்கக் கூடாது. 1923-ல் அந்தப் பூச்சு டியூகோ என்ற பெயருடன் வெளிவந்தது. 1924-ம் ஆண்டு மாடல் ஓக்லண்டு கார்கள் நீல நிறத்தில் அணிவகுத்தன. ஜனங்கள் அதிசயித்தார்கள். வாரக்கணக்கான வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது. 1926-ல் போர்டும் மீண்டும் வண்ணக் கார்களைக் கொண்டுவந்தார்.

பணக்காரர்களின் காரில் மட்டும் இருந்த வண்ணம், சாதாரண மனிதனின் காருக்கும் வந்தது. நம் நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் டியூகோ பெயிண்டு என்று சொல்வது அந்தப் பெயரைத்தான்.

பிடிவாதத்தின் மறுபக்கம்

வெற்றி எப்போதும் அவர் பக்கம் இருக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் செப்புத் தகட்டாலும் காற்றாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் காரை 1923-ல் கொண்டுவந்தார். அது தோல்வி அடைந்தது. விற்ற கார்களைத் திரும்ப வாங்கிக் கொள்ள நேர்ந்தது. மனம் ஒடிந்த கெட்டரிங், வேலையை விட்டு விலகத் துணிந்தார். கம்பெனித் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன்தான் அவரைத் தடுத்து நிறுத்தினார்.

அது பணநஷ்டம். இன்னொன்று உயிர்நஷ்டம்.

எஞ்சினில் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் தட்டும் ஓசை வந்துகொண்டிருந்தது. கெட்டரிங்கின் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி, 1921-ம் ஆண்டு டிசம்பரில் அதற்கு மருந்து கண்டுபிடித்தார். ஈயம் கலந்த திரவம் அது. ஒரு துளி சேர்த்தாலே ஓசை அடங்கியது. 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. அதை விற்கும் கம்பெனிக்குக் கெட்டரிங் தலைவரானார்.

ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1924-ம் ஆண்டு அக்டோபரில், நியூஜெர்சியில் அந்தத் திரவம் தயாரித்த இடத்தில் தொழிலாளர்கள் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். ஆலிஸ் ஹாமில்டன் போன்ற டாக்டர்கள் எச்சரித்தார்கள். விற்பனை கொஞ்ச நாள் நின்றது. 1926-ல் மறுபடி தொடங்கியது. எச்சரித்தவர்களுக்குக் கெட்டரிங் செவி சாய்க்கவில்லை. ஈயத்துக்குப் பதில் வேறு வழி இல்லை என்று வாதாடினார்.

முடியாது என்று மற்றவர்கள் சொன்னபோது அதை ஏற்காமல் வென்ற மனிதர், ஈய விஷயத்தில் மட்டும் தாமே முடியாது என்று சொல்லிவிட்டார்!

அதன் பலனை உலகம் பல காலம் அனுபவித்தது. கார்ப் புகையோடு ஈயம் காற்றில் கலந்தது. குழந்தைகளின் ரத்தத்திலும் கலந்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டில்தான் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. உலகத்திலேயே கடைசியாக அதைக் கார்களுக்கு விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே 2021-ல் விற்பனை நின்றது.

கடைசிக் காலம்

ரெயில்களை இழுக்கும் டீசல் எஞ்சின்களைச் சீர்திருத்தியதிலும் கெட்டரிங்குக்குப் பெரும் பங்கு உண்டு. 180-க்கும் அதிகமான காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. ஸ்லோனுடன் சேர்ந்து 1945-ல் நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் ஏற்படுத்தினார். இருவர் பெயரையும் தாங்கி அது இன்றும் நடக்கிறது.

1958-ம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ந் தேதி, டேட்டனில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 82.

அழியாத வர்ணம்

அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷத்துக்குப் பின், 1953-ல், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கார்வெட் என்ற பந்தயக் கார் போன்ற அழகிய காரை வெளியிட்டது. அந்த ஆண்டு செய்தவை 300 கார்கள்தான். எல்லாமே வெள்ளை நிறம். கண்ணாடி நாரால் ஆன அதன் உடம்பின் மேல் பூசப்பட்டதும் கெட்டரிங் காலத்து லாக்கர் இனம்தான்.

இன்று அப்படிப்பட்ட கார்கள் புதையல் போல மதிக்கப்படுகின்றன. அவற்றின் பழைய வர்ணத்தை மீட்டெடுக்கவே தனித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். காரைத் தொட்டதும் அவர்கள் தேய்க்கத் தொடங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மூலை ஒன்றில் தின்னர் நனைத்த துணியை வைத்துப் பார்க்கிறார்கள். வர்ணம் கரைந்து துணியில் ஏறினால் அது பழைய லாக்கர். அதில் உள்ள திரவம் ஆவியாகிப் போவதால்தான் லாக்கர் காய்கிறது. அதனால் எத்தனை வருஷம் ஆனாலும் தின்னர் பட்டால் மறுபடி கரையும். எண்ணெய் வர்ணம் அப்படிக் கரைவதில்லை.

பிறகு பூச்சு எத்தனை கனம் மீதி இருக்கிறது என்று கருவி வைத்து அளக்கிறார்கள். லாக்கர் மெல்லியது. ஒவ்வொரு தடவை மெருகேற்றும்போதும் கொஞ்சம் தேய்ந்து போகும். விளிம்புகளில் ஒரு தேய்ப்பு அதிகமானால் அடிப்பூச்சு தெரிந்துவிடும். போனது போனதுதான். ஆகையால் மிக நைசான வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து இலேசாகத் தேய்க்கிறார்கள். அதன் பிறகு ரப்பிங் காம்பவுண்டு, பாலிஷ், மெழுகு. வர்ணம் வெடித்துக் கீறல் விழுந்திருந்தால் எந்தப் பாலிஷும் பலிக்காது. அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத்தான் பூச வேண்டும்.

இன்னொரு ஜாக்கிரதையும் உண்டு. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர். மூக்கில் ஏறாமல் இருக்க முகமூடி. ஈயத்தைக் கண்டு அஞ்ச வேண்டும் என்ற பாடத்தை இன்றைய தொழிலாளி கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஒரு மணி நேரம் போதும் என்று கெட்டரிங் அவசரப்பட்டுக் கொண்டுவந்த பூச்சு அது. அதைக் காப்பாற்ற, இன்று ஒருவர் நாட்கணக்கில் குனிந்து உட்கார்ந்து, விரல் அகலம் விரல் அகலமாகத் தேய்த்துக் கொண்டிருக்கிறார்.