அல்பிரெக்ட் கொசெல் (1853 – 1927)

மனிதக் கலமொன்றின் கருவிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால் அது ஏறத்தாழ 2 மீற்றர் நீளமாகும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத கருவினுள் இது அடங்கியிருக்க உதவும் புரதங்கள் ஹிஸ்தோன்கள் எனப்படும். இவற்றைக் கண்டறிந்தவர் அல்பிரெக்ட் கொசெல் ஆவார்.

கொசெல் 1853 செப்டெம்பர் 16 இல் ஜேர்மனியின் றொஸ்ரொக் நகரிற் பிறந்தார். மருத்துவம் கற்ற இவர், ஸ்ராஸ்பேர்க்கில் ஹொப்பே-சைலர் என்னும் அறிஞரின் உதவியாளராகப் பணியாற்றினார். 1883 இல் பேர்லினுக்குச் சென்றார். மனிதனின் முதிர்ந்த செங்குருதிக் கலங்களிற் கரு இல்லை. பறவைகளின் செங்குருதிக் கலங்களில் கரு உண்டு. எனவே வாத்தின் குருதியைப் பயன்படுத்தி, 1884 இல் கருவிலிருந்து ஹிஸ்தோனைப் பிரித்தெடுத்தார். நியூக்கிளிக்கமிலங்களின் மூலங்களையும் ஆராய்ந்தார். 1901 இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1910 இல் மருத்துவத்திற்கான நொபெல் பரிசு பெற்றார். 1927 ஜூலை 5 இற் காலமானார்.

ஹிஸ்தோனின் முழுப் பயனையும் அறிய அவர் உயிருடன் இருக்கவில்லை. அது டி.என்.ஏ. யைச் சுற்றி வைக்கும் வெறும் பொதி என்றே நெடுங்காலம் பலர் கருதினர். 1974 இல் றொஜர் கோன்பேர்க், எட்டு ஹிஸ்தோன் மூலக்கூறுகள் சேர்ந்த தொகுதியைச் சுற்றி டி.என்.ஏ. அமைந்துள்ளது என விளக்கினார். இவ்வலகு நியூக்கிளியோசோம் எனப்படும். ஹிஸ்தோன் நேரேற்றமும் டி.என்.ஏ. மறையேற்றமும் உடையவை, ஆகவே ஒன்றையொன்று கவரும்.

மாத்தளையில் மிளகுக் கொடி தாங்குமரத்தைப் பற்றிப் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தோடு ஒட்டிய பக்கத்தைக் கையால் தொட முடியாது. அதுபோல, பரம்பரையலகுகளை இயக்கும் அல்லது நிறுத்தும் ஒழுங்காக்கற் புரதங்களுட் பெரும்பாலானவை, ஹிஸ்தோனைச் சுற்றி இறுகிய டி.என்.ஏ. யில் எளிதில் இணையமாட்டா. ஹிஸ்தோனுடன் அசற்றைல் கூட்டம் சேரும்போது நேரேற்றம் குறையும், பிடி தளரும், புரதம் தனக்குரிய இடத்தை அடையும். இறுகிய சுற்றிலும் இணையக்கூடிய சில புரதங்கள் முதலிற் சென்று மற்றவற்றுக்கு வழி திறப்பதும் உண்டு.

நரம்புக் கலமும் தசைக் கலமும் ஒரே டி.என்.ஏ. யைக் கொண்டிருந்தும் வெவ்வேறு தொழில்களைப் புரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கொசெல் வாத்துக் குருதியிற் கண்ட புரதம் பொதி மட்டுமன்று, பூட்டுமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. கொசெல் தமது ஆய்வுக்குப் பறவைக் குருதியைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் யாது?
2. ஹிஸ்தோனின் நேரேற்றம் குறைந்தால் ஒழுங்காக்கற் புரதங்களின் இணைப்பு எவ்வாறு மாறும்? விளக்குக.