மூன்று இருக்கைகளில் அமர்ந்தவர்

எட்வர்ட் குக் 1552ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்திலுள்ள மைல்ஹம் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை வழக்கறிஞர். கேம்பிரிட்ஜில் படித்த குக், பின்னர் லண்டனில் சட்டம் பயின்று, 1578இல் வழக்காடத் தொடங்கினார். மலேசியாவும் சிங்கப்பூரும் இன்று பின்பற்றும் பொதுச் சட்ட மரபைக் கற்போர் அவருடைய பெயரைக் கேள்விப்படாமல் இருக்கமாட்டார்கள்.

திறமை அவரை விரைவாக உயர்த்தியது. 1593இல் மக்களவையின் சபாநாயகரானார். அடுத்த ஆண்டே எலிசபெத் அரசியார் அவரை அரசாங்கத்தின் சட்டத்துறைத் தலைவராக நியமித்தார். அப்பதவியில் குக் காட்டிய கடுமை பெருமைக்குரியதன்று. 1603இல் சர் வால்டர் ராலே மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. தம்மீது குற்றம் சாட்டியவரை நேரில் அழைத்து விசாரிக்குமாறு ராலே வேண்டினார். அந்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. குக் அவரை அவையில் வசைபாடினார். ராலேக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

1606இல் குக் தலைமை நீதிபதிகளுள் ஒருவரானார். அதுவரை மன்னருக்காக வாதாடியவர், இப்போது மன்னருடனேயே மோத நேர்ந்தது. நீதிபதிகள் தம் பிரதிநிதிகளே என்பதால், எந்த வழக்கையும் தாமே எடுத்துத் தீர்ப்பளிக்கலாம் என்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் கருதினார். தமக்கும் பகுத்தறிவு உண்டே என்பது அவருடைய வாதம். மன்னரின் அறிவு சிறந்ததுதான். ஆயினும் சட்டம் என்பது நீண்ட காலப் படிப்பாலும் பட்டறிவாலும் மட்டுமே கைவருவது என்று குக் பணிவுடன் மறுத்தார். மன்னரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவரே என்பது அவருடைய முடிவு. இந்நிகழ்ச்சியைக் குக் தம் குறிப்பில் கம்பீரமாகவே எழுதிவைத்தார். அக்காலத்து வேறொரு குறிப்போ, சினங்கொண்ட மன்னர்முன் அவர் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். அஞ்சியபோதும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1610இல் மற்றொரு சிக்கல் எழுந்தது. லண்டனில் புதிய கட்டடங்கள் எழுப்பக்கூடாது, கோதுமையிலிருந்து கஞ்சிப்பசை எடுக்கக்கூடாது என்று மன்னர் வெறும் அறிவிப்பின்வழி தடைவிதிக்கலாமா? நாடாளுமன்றத்தின் இசைவின்றி, முன்பு குற்றமாக இல்லாத ஒன்றை மன்னர் புதிதாகக் குற்றமாக்க முடியாது என்று குக்கும் உடனிருந்த நீதிபதிகளும் கூறினர். கஞ்சிப்பசை சிறிய பொருள்தான். ஆனால், சட்டம் இயற்றுபவர் யார் என்பது சிறிய கேள்வியன்று.

அவருடைய பதவியைப் பறித்தது 1616இல் வந்த ஒரு வழக்கு. அது மன்னரின் அதிகாரத்தைத் தொட்டது. ஆகவே, தம்மைக் கலந்துபேசும்வரை விசாரணையை நிறுத்துமாறு மன்னர் ஆணையிட்டார். அந்த ஆணை சட்டத்திற்குப் புறம்பானது என்று பன்னிரண்டு நீதிபதிகளும் கையொப்பமிட்டுக் கடிதம் அனுப்பினர். மன்னர் அவர்களை வரவழைத்துக் கடிந்துகொண்டார். பன்னிருவரும் மண்டியிட்டனர். இனி இத்தகைய ஆணை வந்தால் விசாரணையை நிறுத்துவீர்களா என்று கேட்கப்பட்டது. பதினொருவர் இணங்கினர். குக் மட்டும், அப்படியொரு நிலை வரும்போது நீதிபதி ஒருவர் செய்யத்தக்கதையே செய்வேன் என்றார். அக்காலத்தில் மன்னர் விரும்பும்வரைதான் நீதிபதிகள் பதவியில் நீடிக்கலாம். நவம்பரில் அவர் பதவி நீக்கப்பட்டார்.

நீதிமன்றக் கதவு மூடியதும் அவர் நாடாளுமன்றத்தை நாடினார். 1621இல் மக்களவையில் அவர் குரல் ஓங்கி ஒலித்தது. நாட்டு நடப்புகளை விவாதிப்பது தங்கள் உரிமை என்று மக்களவை தன் பதிவேட்டில் எழுதியது. ஜேம்ஸ் மன்னர் அந்தப் பக்கத்தைத் தம் கையாலேயே கிழித்தெறிந்தார். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த குக், லண்டன் கோபுரச் சிறையில் ஏழு மாதங்களுக்குமேல் அடைபட்டுக் கிடந்தார்.

அடுத்து வந்த முதலாம் சார்ல்ஸ் மன்னர், நாடாளுமன்றத்தின் இசைவின்றி மக்களிடம் கட்டாயக் கடன் வசூலித்தார். கொடுக்க மறுத்தவர்களைச் சிறையிலடைத்தார். காரணம் கேட்டு 1627இல் ஐவர் நீதிமன்றம் சென்றனர். மன்னரின் ஆணையே போதும் என்பதுபோல் நீதிபதிகள் அவர்களைப் பிணையில் விடாமல் திருப்பியனுப்பினர். நீதிமன்றம் தளர்ந்த இடத்தில் நாடாளுமன்றம் நின்றது. 1628இல், குக் முன்னின்று உருவாக்கிய உரிமை மனுவை மன்னர் வேண்டாவெறுப்பாக ஏற்றார். நாடாளுமன்றம் இசையாமல் வரி இல்லை, காரணம் காட்டாமல் சிறை இல்லை என்பன அதன் உயிர்நாடியான கூறுகள். ஒருகாலத்தில் ராலேயின் வேண்டுகோளுக்கு இரங்காதவர்தான், முகம் தெரியாத கைதிகளுக்காக இதை எழுதினார்.

1634ஆம் ஆண்டு செப்டம்பரில், 82ஆம் வயதில், ஸ்டோக் போஜஸ் என்ற ஊரில் அவர் உயிர் பிரிந்தது. அவர் மரணப் படுக்கையில் இருந்தபோதே, மன்னரின் ஆள்கள் வீட்டுக்குள் நுழைந்து அவருடைய கையெழுத்துப் படிகளை அள்ளிச் சென்றனர். ஏழு ஆண்டுகள் கழித்து, நாடாளுமன்றம் அவற்றைக் கேட்டுப் பெற்று, அச்சிட ஆணையிட்டது.