கண்ணாடியா, காகிதமா? யானைமலையைப் படமெடுத்த கேப்டன் ட்ரைப்

மதுரையிலிருந்து மேலூர் போகும்போது ஒத்தக்கடை பக்கம் யானைமலையை செல்போனில் எடுக்காதவர்கள் குறைவு. 1858-லேயே அதைப் படமெடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப். யார் இவர்?

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. 1855-ல் பர்மா போன தூதுக்குழுவுடன் சென்று படமெடுத்தார். அடுத்த ஆண்டே மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார்.

ஊர் ஊராகப் போகணும், எதைத் தூக்கிட்டுப் போறது? அதுதான் சிக்கல். கேமராவே பெரிய மரப்பெட்டி. கண்ணாடித் தகட்டில் படம் பளிச்சுன்னு வரும். ஆனா ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் எடுத்து, அங்கேயே கழுவியாகணும். நம்ம ஊர் வெயிலில் அது சட்டுன்னு காய்ந்துவிடும். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவோ எடை குறைவு. முன்னாடியே தயார் செய்யலாம். எடுத்துச் சில நாள் கழித்தும் கழுவலாம். என்ன, ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் காத்திருக்கணும். மலையும் கோபுரமும் எங்கே ஓடப்போகுது? பயணங்களில் ட்ரைப் பெரும்பாலும் காகிதத்தையே நம்பினார்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். 1859-ல் ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் செலவு அதிகம் என்று திட்டத்தையே நிறுத்திவிட்டார். 1902-ல் ட்ரைப் காலமானார்.

நேப்பியர் பிரபு காலத்தில் சீரமைக்கப்படும் முன் திருமலை நாயக்கர் மகால் எப்படி இருந்தது என்று இன்று பார்க்க முடிகிறது என்றால், அதற்கு ட்ரைப்பின் படங்களும் ஒரு காரணம்.