மணிகளை மதிப்பிட்ட மகான்

முத்தும் வைரமும் விற்று வாழ்ந்த ஒருவர், உண்மையான அழகு அணிகலன்களில் இல்லை என்பதைத் தம் வாழ்வாலேயே உணர்த்திச் சென்றார். அவரே ஸ்ரீமத் ராஜசந்திரர்.

சௌராஷ்டிரத்தில் வவாணியா என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் தோன்றினார். இளமையிலேயே நினைவாற்றலில் ஒப்பற்று விளங்கினார். 1887இல் மும்பையில் நூறு செய்திகளை ஒருங்கே மனத்தில் நிறுத்திச் சதாவதானம் செய்து காட்டியபோது பேரும் புகழும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் ஆன்ம வளர்ச்சிக்கு இவை துணையாகா எனத் தெளிந்து, அவதானக் காட்சிகளை விரைவில் கைவிட்டார்.

அவர் இளமையில் இயற்றிய பாவனாபோதம் என்னும் நூலில் பரதச் சக்கரவர்த்தியின் வரலாறு வருகின்றது. கண்ணாடி மாளிகையில் இருந்த பரதரின் விரலிலிருந்து ஒரு மோதிரம் நழுவி விழுந்தது. வெறும் விரல் பொலிவிழந்து தோன்றியது. மற்ற அணிகளையும் ஒவ்வொன்றாகக் களைந்து பார்த்த அவர், உடலின் அழகு இரவல் அழகே என்றும், அவ்வுடலும் தமதன்று என்றும் உணர்ந்தார். இதனை எழுதியவரே பின்னர் இரத்தின வணிகரானார் என்பது சிந்திக்கத் தக்கது.

1888இல் திருமணம் புரிந்து, மனைவி மக்களுடன் இல்லறம் நடத்திக்கொண்டே மும்பையில் வாணிகம் செய்தார். 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் அவரை அங்கே சந்தித்தார். வணிக மேசையின்மீது எப்போதும் ஒரு சமய நூலும் குறிப்பேடும் இருந்தன என்றும், பேரம் முடிந்ததும் அவர் அவற்றில் ஆழ்ந்துவிடுவார் என்றும் காந்தியடிகள் வியந்து எழுதியுள்ளார். தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோதும் அவரிடமே கடிதம் வாயிலாகத் தெளிவு பெற்றார்.

அன்பர்கள் போற்றும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. குறித்த விலைக்கு வைரம் தருவதாக ஒரு வணிகர் அவருக்கு ஒப்பந்தம் எழுதித் தந்திருந்தார். வைரத்தின் விலை திடீரென ஏறிவிட்டது. ஒப்பந்தப்படி கொடுத்தால் அவ்வணிகரின் குடும்பமே நிலைகுலையும். ராஜசந்திரர் தாமே அவரிடம் சென்று அந்தப் பத்திரத்தைக் கிழித்தெறிந்தார். பெரும் இலாபம் கைவிட்டுப் போனது. ஒரு குடும்பம் பிழைத்தது. அவருடைய மகிழ்ச்சி அதில் இருந்தது.

நம் பொன்னூர் மலையுடன் இணைத்துப் போற்றப்படும் குந்தகுந்த ஆசாரியரின் பஞ்சாஸ்திகாயத்தை அவர் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். 1896இல் நடியாத்தில் 142 பாக்கள் கொண்ட ஆத்மசித்தியை ஒரே அமர்வில் அருளினார். இறுதியில் நோயால் உடல் மிக மெலிந்தபோதும் அவர் உள்ளத்தின் அமைதி குன்றவில்லை. 1901 ஏப்ரல் 9ஆம் நாள் இராஜகோட்டில் தம் 33ஆம் வயதில் உடல் நீத்தார்.

இல்லறத்தாராகிய நாமும் கடையிலும் வயலிலும் அடுக்களையிலுமே நம் நாளைக் கழிக்கின்றோம். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குமுன் கிடைக்கும் சிறு பொழுதை ஆன்ம சிந்தனைக்கு அளிப்போமாக. பிறர் இழப்பில் வரும் ஆதாயத்தை விலக்குவோமாக. மோதிரம் நழுவினாலும் நழுவாத அழகு அதுவே.

அறம் வளர்க!