காணாத பாட்டனாருக்கு ஒரு பேரனின் காணிக்கை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

டார்வின் என்றவுடன் வெண்தாடியும் குரங்கும்தான் நம்மில் பலருக்கு நினைவில் வரும். பரிணாமக் கொள்கையைப் படிக்கும்போது லாமார்க்குக்கு முன்னால் இன்னொரு டார்வினின் பெயர் ஒரே வரியில் வந்து போகும். அவர்தாம் எராஸ்மஸ் டார்வின். சார்லஸ் டார்வினின் தந்தையைப் பெற்றவர். உலகப் புகழ் பெற்ற அந்தப் பேரன் 1879-ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதில், செடிகளின் அசைவு பற்றிய ஆராய்ச்சிக்கு நடுவே பாட்டனாரின் வாழ்க்கையை எழுத அமர்ந்தார். பாட்டனார் இறந்தது 1802-இல். பேரன் பிறந்தது 1809-இல். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. பிறகு ஏன் எழுதினார்?

எராஸ்மஸ் 1731 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் எல்ஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் எடின்பரோவிலும் பயின்று மருத்துவரானார். 1756-இல் லிச்பீல்டு நகருக்கு வந்தவர், பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்ட ஓர் இளைஞரைப் பிழைக்க வைத்தார்; அதன்பின் அவருக்கு நோயாளிகள் குறையவில்லை. பருத்த உடல், அம்மைத் தழும்பு விழுந்த முகம், திக்குவாய். பார்த்தவுடன் மதிப்பு வரும் தோற்றமன்று. ஆனால் அவர் பேசத் தொடங்கினால் அவையே அவர் வசமாகும்! ஏழைகளிடம் கட்டணம் வாங்கமாட்டார். லண்டனுக்கு வந்தால் தமக்கே மருத்துவராக வைத்துக்கொள்வதாக மன்னர் மூன்றாம் ஜார்ஜ் கூறியதாகச் சொல்வார்கள், அவர் போகவில்லை.

மேடுபள்ளமான சாலைகளில் குதிரை வண்டியிலேயே அவர் காலம் கழிந்தது. படிப்பதும் எழுதுவதும் வண்டிக்குள்ளேயே. திருப்பத்தில் வண்டி கவிழாதிருக்க அவரே ஒரு புதிய திருப்பும் அமைப்பைக் கண்டுபிடித்தார். பிற்காலத்து மோட்டார் வண்டிகளில் வந்த அமைப்புக்கு அது முன்னோடி. தாமே வடிவமைத்த இன்னொரு வண்டி 1768-இல் கவிழ்ந்து, முழங்கால் சில்லு உடைந்து, ஆயுள் முழுவதும் சாய்ந்து நடந்தார் என்பது வேறு கதை!

பர்மிங்காம் பகுதியில் நண்பர்கள் சிலர் மாதந்தோறும் பௌர்ணமியை ஒட்டிக் கூடுவார்கள். இரவில் வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டுமல்லவா? அதனால் அதற்குத் ‘திங்கள் கழகம்’ என்று பொருள்படும் பெயர் வந்தது. நீராவி எந்திரத்தின் ஜேம்ஸ் வாட், தொழிலதிபர் போல்டன், ஆக்சிஜனை ஆராய்ந்த பிரீஸ்ட்லி, பீங்கான் தொழிலில் சிறந்த வெட்ஜ்வுட் ஆகியோர் அதில் இருந்தனர். இந்த வெட்ஜ்வுட்டின் மகளைத்தான் எராஸ்மஸின் மகன் ராபர்ட் மணந்தார். அவர்கள் பிள்ளையே சார்லஸ்.

டார்வின் குடும்பச் சின்னத்தில் மூன்று சிப்பிகள் உண்டு. உயிர்களெல்லாம் சிப்பியிலிருந்தே வந்தன என்று பொருள்படும் லத்தீன் சொற்களை எராஸ்மஸ் அதனுடன் சேர்த்துத் தம் வண்டியில் எழுதி வைத்தார். நகரத்துத் தேவாலயத்தின் குருவான செவார்டு, படைத்தவனையே மறுக்கிறார் என்று கேலிப்பாட்டுக் கட்டினார். நோயாளிகள் வராமற்போனால் என்ன செய்வது? வண்டியிலிருந்த எழுத்து அழிந்தது. ஆனால் புத்தகங்களில் ஒட்டும் சீட்டில் அது நிலைத்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1794-இல் வெளிவந்த ‘சூனோமியா’ என்னும் மருத்துவ நூலில், வெப்பக்குருதி விலங்குகள் யாவும் ஒரே உயிரிழையிலிருந்து பல கோடி ஆண்டுகளில் தோன்றியிருக்கலாம் என்று துணிந்து எழுதினார். 1837-இல் பேரன் இதே பொருளைப் பற்றிக் குறிப்பேடு தொடங்கியபோது, முதற்பக்கத்தில் அவர் இட்ட தலைப்பும் ‘சூனோமியா’தான்!

எராஸ்மஸின் மூத்த மகன் பெயரும் சார்லஸ். எடின்பரோவில் மருத்துவம் படித்த அவர் 1778-இல், பிண அறுவையின்போது கையில் பட்ட காயத்தால் பத்தொன்பது வயதில் இறந்தார். ஆய்வுக்கூடத்தில் கத்தி பிடிக்கும் நமக்கு இது நெஞ்சைத் தொடும் செய்தி. இன்னொரு மகன் 1799-இல் ஆற்றில் மூழ்கி இறந்தார். எராஸ்மஸ் கண் மூடியபின், 1804-இல், அதே குருவின் மகள் அன்னா செவார்டு அவருடைய வாழ்க்கையை எழுதினார். அந்த மகனின் சாவுக்கு அவர் வருந்தவேயில்லை என்று அதில் கண்டிருந்தது. ராபர்ட் கொதித்தெழ, அந்த அம்மையார் பின்வாங்கினார். ஆனால் அச்சேறிய சொல் எளிதில் அழியுமா?

எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பழி பேரனை உறுத்தியது. எர்ன்ஸ்ட் கிராவுஸ் என்னும் ஜெர்மானியர் எராஸ்மஸைப் பற்றி எழுதிய கட்டுரையை மொழிபெயர்ப்பித்து, அதற்கு முன்னுரையாக வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். முன்னுரை கட்டுரையைவிட நீண்டுவிட்டது! பாட்டனாரின் கடிதங்கள், குறிப்பேடுகள் என்று எத்தனையோ அவர் கைக்கு எட்டின. (என் பாட்டனார் விட்டுச் சென்ற எழுத்து, ஒரு பத்திரத்தில் வைத்த கைநாட்டு மட்டுமே. ஆகவே இதைப் படிக்கையில் எனக்குச் சற்றுப் பொறாமை.) அக்கடிதங்களைக் கொண்டே எராஸ்மஸ் அன்பற்ற தந்தையல்லர் என்று காட்டினார். அதற்காகக் குறைகளை மூடவில்லை. சான்று போதாமலே கொள்கை கட்டும் வேகம் பாட்டனாருக்கு மிகுதி என்பதையும் எழுதினார். ‘சூனோமியா’வை இரண்டாம் முறை படித்தபோது, உண்மைகள் குறைவு, ஊகங்கள் அதிகம் என்று ஏமாந்தவர் அல்லவா அவர்! இந்நூலால் சாமுவேல் பட்லர் என்ற எழுத்தாளரோடு பெரிய மனக்கசப்பும் நேர்ந்தது. அது நீண்ட வழக்கு, இங்கே வேண்டாம்.

அச்சுக்குப் போகுமுன் கைப்பிரதியைச் சார்லஸின் மகள் ஹென்ரியட்டா வாங்கிப் பார்த்தார். வெளியார் கண்ணுக்கு வேண்டாமென்று தமக்குத் தோன்றியதையெல்லாம் அடித்தார்; ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போயிற்று. தந்தை மறுக்கவில்லை. தாத்தாவைப் பற்றிய உண்மையைச் சொல்லத் துணிந்தவருக்கு மகளின் பென்சிலைத் தடுக்க மனம் வரவில்லை போலும்! மூன்றாண்டுகளில், 1882 ஏப்ரல் 19 அன்று, அவரும் மறைந்தார். பாட்டனார் மறைந்தது ஏப்ரல் 18.

சார்லஸ் தம்மைப் பற்றி எழுதி வைத்த வரலாறும் இதற்குத் தப்பவில்லை. 1887-இல் அது வெளிவந்தபோது, சமயத்தைப் பற்றி அவர் மனம் திறந்து எழுதியவை உட்படப் பல பகுதிகளைக் குடும்பத்தார் நீக்கிவிட்டனர். அவற்றையெல்லாம் சேர்த்து 1958-இல் முழுமையாகப் பதிப்பித்தவர் நோரா பார்லோ என்னும் அம்மையார். சார்லஸ் இறந்து மூன்றாண்டு கழித்துப் பிறந்தவர். அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி. எராஸ்மஸின் வாழ்க்கையில் அடிக்கப்பட்ட பகுதிகள் 2003-இல்தான் அச்சில் வந்தன.